என் முறை வெச்சிருங்க

ஏரிக்கரைப் பூங்காவின் வாசலில் ஆமை வந்து நின்றபோது சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணி. ஆமை என்றால் பஸ். இருபத்தெட்டு வருஷம் ரொசாரியோ நகரத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன டவுன் பஸ். பழைய இரும்புக்குப் போகவிருந்ததை ரூபெனும் அவன் தம்பி தீத்தோவும் வாங்கிவந்து, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் தட்டிக் கொட்டி வீடாக்கியிருந்தார்கள். நாலு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, குனிந்துதான் நுழையவேண்டிய ஒரு கக்கூஸ். பழைய பஸ்ஸின் மிச்சமாக இருந்தது பின்கதவுக்குப் பக்கத்து மணி ஒன்றுதான். வண்டி கிளம்பும்போதெல்லாம் ரூபெனின் மகள் பிலார் ஓடிப்போய் அதை இரண்டு தடவை அடிப்பாள். அடிக்காமல் வண்டி நகரக்கூடாது. எட்டு வயதுக்காரி போட்ட சட்டம் அது. அப்பன் மீறமாட்டான்.

ரூபெனின் மனைவி எல்வீராவுக்கு இந்தப் பயணத்தில் மனசே இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் அவள் மெழுகுவர்த்தி ஏற்றாத மாதா கோயில் கிடையாது. அதற்கப்புறம் பிறந்த ஒரே பிள்ளை பிலார். பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. "தண்ணி கணுக்காலுக்கு மேல வரக்கூடாது. என் கண்ணுக்கு மறைவா ஒரு நிமிஷம் போகக்கூடாது. சம்மதம்னா வர்றேன்" என்று புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள்.

வாசலில் காவலுக்கும் கடைக்கும் சேர்த்து ஒரே ஆள், அர்மிந்தோ. ஐம்பது வயதிருக்கும். சிரித்துப் பழகாத முகம்.

"எத்தனை பேர்?"

"நாலு" என்றான் ரூபென்.

அர்மிந்தோ வண்டியின் கூரையை அண்ணாந்து பார்த்தான். மடக்கு நாற்காலிகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"நாற்காலி அஞ்சு இருக்கே?"

"அஞ்சாவது என் பொண்டாட்டிது" என்று தீத்தோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அவ போயிட்டா. நாற்காலி என்கூடவே தங்கிருச்சு. விசுவாசமானது."

இந்த ஜோக்குக்கு எல்லா ஊரிலும் சிரிப்பார்கள். அர்மிந்தோ சிரிக்கவில்லை.

"ஆள் உக்காராத நாற்காலியை விரிக்காதீங்க. மடிச்சே வைங்க."

"ஏங்க?"

"காத்து அடிக்குதுல்ல. பறந்துரும்."

காற்று என்னவோ அடிக்கத்தான் செய்தது. அந்தத் தென்கோடி நாட்டில் மே மாதம் என்றால் குளிர் தொடங்குகிற நேரம். யூகலிப்டஸ் மரங்கள் ஒரு நிமிஷம் சும்மா நிற்கவில்லை. ஏரித் தண்ணீர் கரையை ஓயாமல் அறைந்துகொண்டிருந்தது. பூங்காவில் இவர்களைத் தவிர இன்னும் இரண்டே வண்டிகள், அதுவும் எட்டத்தில். எல்வீரா ஒன்றைக் கவனித்தாள். அந்த வண்டிக்காரர்கள் எழுந்து உள்ளே போகும்போதெல்லாம் நாற்காலியை மடித்துத் தரையில் கவிழ்த்துவிட்டுத்தான் போனார்கள். சிகரெட் எடுத்துவர இரண்டு எட்டு நடப்பதற்குக்கூட.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. வெளியே சொன்னால் ரூபென் கேலி செய்வான் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மத்தியானம் கம்பி அடுப்பில் சோரிசோ என்கிற கறிக்குழலைச் சுட்டு, ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்றார்கள். வயிறு நிறைந்ததும் மாத்தே. ஆமையின் பக்கவாட்டில் துணிப்பந்தலை இழுத்துக் கட்டி, அதன் கீழே தீத்தோ நாற்காலிகளை வட்டமாக விரித்தான். ஐந்தையும் விரித்தான்.

"அந்த ஆள் வேண்டாம்னானே" என்றாள் எல்வீரா.

"என் பொண்டாட்டி கோவிச்சுக்குவா அண்ணி. இடம் போட்டு வைப்போம், மனசு மாறி வந்தாலும் வருவா." நீலக் கோடு போட்ட அந்த நாற்காலியைத் தட்டித் துடைத்து, பிலாருக்கும் தனக்கும் நடுவில் வைத்தான்.

மாத்தே குடிப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. சுரைக்குடுக்கை ஒன்று, அதில் இலைத்தூள், ஒரு உறிஞ்சுகுழல். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றித் தருவது ஒரே ஆள். அன்று எல்வீரா. ஒருவர் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தால், மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு. வாயைத் திறந்து எதுவும் சொல்லவேண்டியதில்லை. சொல்லவும் கூடாது. கிராசியாஸ், அதாவது நன்றி, என்று சொல்லிவிட்டால் 'எனக்குப் போதும், நான் எழுந்துக்கறேன்' என்று அர்த்தம். அத்தோடு அவர் வட்டத்தை விட்டு வெளியே. அந்த வார்த்தையைச் சொல்லாதவரைக்கும் அவர் முறை சுற்றிச் சுற்றி வந்துகொண்டேயிருக்கும். ஊற்றுகிறவள் யாரையும் தாண்டிப் போகக்கூடாது. அது பெரிய அவமரியாதை.

ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதி பிலாருக்கு மட்டும் மண்டையில் ஏறுவதில்லை. எது வாங்கினாலும் நன்றி சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் அவளை அப்படிப் பழக்கி வைத்திருந்தாள்.

சர்க்கரை அள்ளிப்போட்ட முதல் குடுக்கையைச் சர்ரென்று உறிஞ்சி முடித்து, மகாராணி மாதிரி நீட்டினாள். "கிராசியாஸ், அம்மா."

"போச்சுடா! மறுபடி சொல்லிட்டா!" தீத்தோ தொடையில் தட்டிச் சிரித்தான்.

"ஐயோ, மறந்துட்டேன்! வாபஸ், வாபஸ்!"

"வாபஸெல்லாம் கிடையாது" என்றாள் எல்வீரா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சொன்னா சொன்னதுதான். உன் முறை போச்சு."

"அப்பா, பாருங்கப்பா அம்மாவ!"

"சட்டம் சட்டம்தான் கண்ணு. நீ மணிக்குப் போட்டிருக்கியே, அதுமாதிரி" என்ற ரூபென் தொப்பியை முகத்தின்மேல் இழுத்து விட்டுக்கொண்டான். உண்ட மயக்கம். இரண்டு நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. பறவைச் சத்தம் ஒன்றுகூட இல்லை. பந்தல் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டேயிருந்தது.

எல்வீரா குனிந்து ஊற்றினாள். இலை முழுக்க நனைந்தால் சாறு சீக்கிரம் செத்துப்போகும். ஒரு ஓரமாக மெல்ல விடவேண்டும், கண்ணை எடுக்கக்கூடாது. ஊற்றி முடித்து, பிலாரைத் தாண்டித் தீத்தோ பக்கம் கையை நீட்டினாள். குடுக்கையை வாங்கிக்கொண்டார்கள். விரல் பட்டது.

"என்ன தீத்தோ, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

 குழல் உறிஞ்சும் சத்தம் மட்டும். அடியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கடகடவென்று இழுக்கிற சத்தம். பிறகு குடுக்கை அவள் கைக்குத் திரும்பி வந்தது. பிளாஸ்கின் மூடியைத் திருகியபடியே, இவனுக்கு எப்போது இவ்வளவு தாகம் வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆமையின் கதவு திறந்தது. பிஸ்கட் டப்பாவோடு தீத்தோ படியிறங்கி வந்தான்.

"அண்ணி, எனக்கு எங்கே?"

எல்வீரா நிமிர்ந்தாள்.

"இப்பத்தானே குடிச்சே?"

"நானா? இவ்வளவு நேரமா உள்ள டப்பாவைத் தேடிட்டிருந்தேன். எங்கேதான் ஒளிச்சு வைப்பீங்களோ."

எல்வீரா சுற்றிலும் பார்த்தாள். ரூபெனைப் பார்த்தாள். தொப்பிக்கடியில் குறட்டை. பிலாரைப் பார்த்தாள்.

"பிலி... நீ வாங்கிக் குடிச்சியா?"

"இல்லம்மா." பிலாரின் முகம் தொங்கிப்போயிருந்தது. "என் முறையைத்தான் நீ அவளுக்குக் குடுத்திட்டியே."

"எவளுக்கு?"

பிலார் நீலக்கோட்டு நாற்காலியைப் பார்த்தாள்.

அதன் துணி நடுவில் ஈரமாக இருந்தது.

ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம்.

எல்வீரா குடுக்கையை மூக்கருகே கொண்டுபோனாள். இலை வாசனை இல்லை. ஏரியின் அடிச்சேற்று வாசனை. குழலின் நுனி, கொதிநீரில் நின்ற உலோகம், பனிக்கட்டி மாதிரி ஜில்லிட்டுக் கிடந்தது.

அப்போதே கிளம்பியிருக்கவேண்டும். அவள் சொல்லத்தான் செய்தாள். "புல்லு அசைஞ்சாலே உனக்குப் பேய்தான் எல்வி" என்றான் ரூபென். கண்ணைக் கசக்கிக்கொண்டே நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, பந்தலில் தேங்கிய தண்ணி சொட்டியிருக்கும் என்றான். ஒரு வாரமாக மழையே இல்லை. தீத்தோ மட்டும் அந்த நாற்காலியை மடித்து, கயிற்றால் கட்டி, ஆமையின் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டான்.

சாயங்காலம் ரொட்டி வாங்குகிற சாக்கில் எல்வீரா பிலாரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் கடைக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அர்மிந்தோவுக்குப் புரிந்துவிட்டது.

"விரிச்சீங்களா?"

"விரிச்சோம்."

"மாத்தே குடுத்தீங்களா?"

அவள் தலையாட்டினாள். அர்மிந்தோ பிலாரிடம் ஒரு மிட்டாயைக் கொடுத்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்த தூண்டில் இரைக்கு வைத்திருந்த மீன்களைப் போய்ப் பார்க்கச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பத்தொன்பது வருஷம் ஆச்சும்மா. கோர்தோபாவுலேருந்து ஒரு குடும்பம். பெரியவங்க ஏழெட்டு பேர் வட்டமா உக்காந்து மாத்தே குடிச்சிட்டிருந்தாங்க. கூட ஒரு பொண்ணு, உங்க பொண்ணு வயசுதான். 'கால் நனைச்சிட்டு வந்துடுறேன், என் முறை வெச்சிருங்க'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிருக்கா. இவங்க பேச்சு சுவாரசியத்துல இருந்துட்டாங்க. அவ முறை வந்துச்சு, தாண்டிப் போச்சு. மறுபடி வந்துச்சு, மறுபடி தாண்டிப் போச்சு. மூணாவது சுத்துலதான் பெத்தவ கேட்டா, 'எங்கே இவ?'ன்னு."

"கிடைச்சாளா?"

"கிடைக்கல."

வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"கிராசியாஸ் சொல்லாம போனவம்மா அவ. அவ முறை அப்படியே நிக்குது. காலி நாற்காலி கண்டா வந்து உக்காந்துக்கிறா."

"நாங்க இப்பவே கிளம்பிட்டா?"

"போன தடவை ஒரு குடும்பம் அப்படித்தான் கிளம்பிப் போச்சு. மூணாம் நாள் அவ்வளவு தூரம் திரும்பி வந்து, ஒரு நாற்காலியை இந்த வாசல்ல இறக்கி வெச்சிட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டாங்க. அந்தப் பொம்பளை அழுத அழுகை..."

"அவ கிராசியாஸ் சொல்லிட்டா?"

"சொன்னா போயிடுவா. ஆனா சொல்லி யார் கேட்டா? நான் கேட்டதில்ல."

எல்வீரா கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பிலாரைத் திரும்பிப் பார்த்தாள். பயத்தோடு இன்னொன்றும் வந்தது, அதுதான் வம்பு. பெற்றவள் ஒருத்தி மூன்றாவது சுற்றில் தலையைத் தூக்கிப் பார்த்து 'எங்கே இவ?' என்று கேட்டாளே, அந்தக் குரல் அவள் காதை விட்டுப் போகவில்லை. பாவம், பச்சைப்பிள்ளை. ஒரு வாய் வெந்நீருக்காகப் பத்தொன்பது வருஷமாகக் காத்திருக்கிறது.

அன்றிரவு பிலாரைத் தன் படுக்கையிலேயே போட்டு இறுக்கிக்கொண்டாள். தூக்கம் யாருக்கும் சரியாக இல்லை. ஆமை காற்றில் ஆடியது. அடிவயிற்றில் என்னவோ கிரீச் கிரீச்சென்றது. பிலார் தூக்கத்தில் புரண்டு, தன் குரலிலேயே, ஆனால் தனக்குப் பழக்கமில்லாத கோர்தோபா இழுவையோடு முனகினாள்.

"இன்னும் என் முறை வரல."

எல்வீரா விடிகிறவரை கண்ணை மூடவில்லை.

காலையில் காற்று சுத்தமாக நின்றிருந்தது. அது இன்னும் மோசம். ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து கரையையும் மரத்தையும் மற்ற வண்டிகளையும் விழுங்கியிருந்தது. மூன்று எட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ரூபென் கதவைத் திறந்தான், ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

வாசற்படிக்கு நேரே நீலக்கோட்டு நாற்காலி விரிந்து நின்றது.

கட்டிய கயிறு அதன் காலடியில், அவிழ்க்காத முடிச்சோடு கிடந்தது.

"தீத்தோ, உன் வேலையாடா இது?"

"எங்கம்மா சத்தியமா இல்லண்ணே."

அதன் பிறகு யாரும் கேலி பேசவில்லை. "பந்தலை அவிழு. அரை மணியில கிளம்பறோம்" என்றான் ரூபென். அண்ணனும் தம்பியும் வண்டிக்கு அந்தப்பக்கம் போய்க் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். குளிரில் இன்ஜின் சூடாகட்டும் என்று ரூபென் ஸ்டார்ட் செய்தும் விட்டான். கிழட்டு இன்ஜின் கரகரவென்று இரைந்தது.

எல்வீரா பிலாரின் முன்னால் மண்டியிட்டாள்.

"கண்ணு, நேத்து அவ உன்கிட்ட என்ன பேசினா?"

"குளிருதுன்னாம்மா. நம்ம வீட்டுல ஹீட்டர் இருக்கான்னு கேட்டா. எனக்குத் தனிக் கட்டிலான்னு கேட்டா."

இப்படியே கிளம்பினால் அதுவும் கூடவே வரும். எல்வீராவுக்கு அதில் சந்தேகமே இல்லை. வட்டம் பாதியில் நிற்கிறது. ஆரம்பித்தவள் அவள், முடிக்கவேண்டியவளும் அவள்தான். வயிறு நிறைய ஊற்றிக் கொடுத்து, அந்த வார்த்தையைச் சொல்லவைத்து, நல்லபடியாக அனுப்பிவிட்டால் பிலாருக்கு ஆபத்தில்லை.

"நீ உள்ள இரு" என்றாள்.

"நான் இல்லாட்டி அவ வரமாட்டாம்மா."

சரி. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிற்று. படுக்கையிலிருந்து வெறுங்காலோடு எழுந்து வந்த பிலாருக்குப் பழுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தி, சிவப்பு நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் தான் வாசற்படியில் உட்கார்ந்தாள். சிவப்புக்கு அப்பால் நீலக்கோட்டு நாற்காலி. இடது கை பிலாரின் முழங்காலில். வலது கையால் ஊற்றினாள். சர்க்கரை நிறையப் போட்டாள்.

முதல் குடுக்கையைத் தானே குடித்தாள், ஊற்றுகிறவள் வழக்கப்படி. இரண்டாவது பிலாருக்கு. "இன்னைக்கு நீ அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது கண்ணு. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே. என்ன?" பிலார் தலையாட்டிவிட்டுக் குடித்துக் குடுக்கையைத் தந்தாள்.

மூன்றாவது. பிலாரைத் தாண்டிப் பனிக்குள் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார்கள்.

சர்ர்ர்ரென்று உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் கடகடவென்று அடிச் சொட்டு.

குடுக்கை திரும்பி வந்தது. காலி.

எல்வீரா மறுபடி ஊற்றினாள். மறுபடி. மறுபடி. பனிக்குள் பார்க்கவே கூடாது என்று குடுக்கையையே வெறித்தாள். ஓரக்கண்ணில் ஒரு ஈரமான சின்ன முழங்கால் தெரிந்தது. அதில் ஒட்டியிருந்த பாசி தெரிந்தது. ஆனாலும் பேசினாள். தன் பிள்ளையிடம் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"குடிம்மா. நல்லாக் குடி. உன்னை யாரும் தாண்டிப் போகல, பாத்தியா? போதும்னு தோணினா கிராசியாஸ் சொல்லிட்டு எழுந்து போ, ராசாத்தி. சொன்னவங்க போயிடலாம். சொல்லாதவங்க வட்டத்துல இருப்பாங்க. அவ்வளவுதான் சட்டம்."

பனிக்குள் யாரோ அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். எல்வீராவுக்கு அது தெரிந்தது.

பிளாஸ்க் தீர்ந்துபோனது.

"ரூபென்!" என்று கூப்பிட்டாள். "ரூபென், வெந்நீர் கொண்டாங்க!" இன்ஜின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. பாதியில் நிறுத்தினால் என்ன ஆகுமோ. கெட்டில் உள்ளே அடுப்பின்மேல் சூடாகத்தான் இருந்தது. ஏறி எடுக்க அரை நிமிஷம்.

"அசையாம உக்காந்திரு. அம்மா இதோ வந்துட்டேன்."

குடுக்கையைப் பிலாரின் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள். அடுப்பை எட்டி, கெட்டிலைத் தூக்கி, பிளாஸ்கின் வாயில் சாய்த்தாள். பாதி நிறைந்திருக்கும்.

வெளியே ஒரு சின்னக் குரல், தெளிவாக, மரியாதையாகச் சொன்னது.

"கிராசியாஸ்."

சரளையில் வெறுங்கால் நடக்கிற சத்தம். ஏரிப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. அப்புறம் தண்ணீரில் மெல்லிய சலசலப்பு. அவ்வளவுதான்.

மாதாவே, சொல்லிவிட்டாள்! சொல்லிவிட்டுப் போய்விட்டாள்! எல்வீரா கெட்டிலைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தாள். வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இன்னொன்றில் கம்பளி போர்த்திய பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"போயிட்டாளா கண்ணு? அவ போயிட்டாளா?"

பிள்ளை அவள் தோளில் முகம் புதைத்துத் தலையாட்டியது. கம்பளி முழுக்க நனைந்திருந்தது. "பனியில இப்படி ஊறிட்டியே!" என்று அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே அவளை உள்ளே தூக்கிப்போய்த் துவட்டினாள்.

பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள். நீலக்கோட்டு நாற்காலியைத் தீத்தோ குப்பைத்தொட்டியில் போட்டான். ரூபென் கியரைப் போட்டுவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தான்.

"என்ன மேடம், மணி?"

மணி அடிக்கவில்லை.

"பயந்துபோயிருக்கா, விடுங்க" என்றாள் எல்வீரா. "போங்க, போங்க."

வாசலில் அர்மிந்தோ கையை உயர்த்தினான். எல்வீரா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சொல்லிட்டா! நான் காதால கேட்டேன்!" என்று கத்தினாள். அவன் முகம் மலர்ந்தது. பிறகு அவள் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தான். உயர்த்திய கை மெல்ல இறங்கியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரொசாரியோவில், சமையலறையில், மூன்று பேரும் மாத்தேக்கு உட்கார்ந்தார்கள். பிலார் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஹீட்டரை விட்டு நகரவில்லை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. கை மட்டும் சூடேறமாட்டேன் என்றது. கட்டில் நன்றாயிருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள், புதிதாகப் பார்ப்பதைப்போல. அலைச்சல், பயம், எல்லாம் சரியாகிவிடும் என்று எல்வீரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சர்க்கரை போட்டு ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை உறிஞ்சிக் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தது. பேசவில்லை.

ரூபெனுக்கு. தனக்கு. மறுபடி பிள்ளைக்கு. அடிச் சொட்டு வரைக்கும் கடகடவென்று இழுத்துவிட்டுத் திருப்பித் தந்தது. பேசவில்லை.

"பாத்தியா எல்வி!" ரூபென் மேஜையைத் தட்டினான். அவனுக்கு அவ்வளவு பெருமை. "கடைசியில எம் பொண்ணு கத்துக்கிட்டா! ஒரு தடவைகூடக் கிராசியாஸ் சொல்லல!"

எல்வீராவின் கை பிளாஸ்கின் மேலேயே நின்றுபோனது.

அந்தக் காலைப்பனி கண்முன் வந்தது. இரண்டு நாற்காலிகள். ஒன்று காலி. கம்பளி போர்த்திய பிள்ளையை எந்த நாற்காலியிலிருந்து தூக்கினாள்?

காலியாக இருந்தது சிவப்பு.

நீலக்கோட்டிலிருந்துதான் தூக்கினாள்.

வாங்கியதற்கெல்லாம் நன்றி சொல்லிப் பழகிய பிள்ளை ஒன்று, அம்மா சொல்லாதே என்று சொல்லியும் மறந்துபோய் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறது. சொன்னா சொன்னதுதான். சொன்னவங்க போயிடலாம். சொல்லாதவங்க வட்டத்துல இருப்பாங்க. சட்டத்தைப் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தது அவள் வாய்தான்.

ரூபென் சிகரெட் எடுக்க வாசலுக்குப் போனான். எல்வீரா பிள்ளையின் பக்கம் குனிந்தாள்.

"கண்ணு... ஒரே ஒரு தடவை... அம்மாவுக்காக அந்த வார்த்தையைச் சொல்லேன்."

கேட்டுவிட்டாளே தவிர, கேட்ட மறுகணம் ஏன் கேட்டோம் என்றிருந்தது. சொல்லிவிட்டால்? பிலாருடைய இந்த முகமும், இந்தப் பின்னலும், முன்பல் விழுந்த இந்தச் சிரிப்பும் எழுந்து போய்விட்டால் அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்?

பிள்ளை தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. சிரித்தது.

"இன்னும் போதலம்மா" என்றது, கோர்தோபா இழுவையோடு.

அப்போது கொல்லையில், பூட்டிக் கிடந்த ஆமைக்குள், மணி இரண்டு தடவை அடித்தது.

எல்வீரா "பிலி!" என்று அலறிக்கொண்டு எழுந்தாள். எழ முடியவில்லை. ஜில்லென்ற சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. இன்னொரு கை காலிக் குடுக்கையை நீட்டியது.

"என் முறைம்மா."